மழை வாரத்துக்கான கணக்கு: தன் மின்சாரத்தைத் தானே தேடும் சூழல் சென்சார்கள்

ஆற்றின் நீர்மட்டத்தை அளக்கும் ஒரு சென்சாரை எடுத்துக்கொள்வோம். கரையோரக் கம்பத்தில் சிறிய சோலார் பேனல், அதன் கீழே ஒரு பெட்டி, மேலே ஆன்டெனா. கால் மணிக்கு ஒருமுறை ஓர் எண்ணை அனுப்புவது அதன் வேலை. பதினோரு மாதம் பிசகில்லாமல் அனுப்பும். பிறகு ஒரு வாரம் வானம் மூடிக்கிடக்கும், மழை கொட்டும், ஆறு பெருகும். ஐந்தாம் நாள் சென்சார் மௌனமாகிவிடும். வெயில் திரும்பியதும் ஒன்றுமே நடக்காததுபோலப் பேச ஆரம்பிக்கும். ஆண்டுக் கணக்கில் 99 விழுக்காடு தரவு வந்துசேர்ந்திருக்கும். வராமல் போன அந்த ஒரு விழுக்காட்டுக்காகத்தான் அதை அங்கே நட்டு வைத்ததே.

பேட்டரியில் மட்டும் ஓடும் சென்சார் என்றைக்கு வேண்டுமானாலும் நிற்கலாம். வெளிச்சம், வெப்பம், காற்று என்று சுற்றுப்புறத்திலிருந்து ஆற்றலை அறுவடை செய்வது வானிலை கெடும்போது பார்த்து நிற்கும். வெள்ளமும், பனிமூட்டத்தில் தேங்கும் புகையும், தொடர் மழையில் ஈரம் ஊறிய மலைச்சரிவும் வெளிச்சம் இல்லாத நாட்களில்தான் வருகின்றன. அதனால் சராசரி வெயிலை வைத்துப் போடும் கணக்கு இங்கே உதவாது. ஆண்டின் மிக இருண்ட வாரத்திலிருந்து தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கும் பலரும் நேராக இன்னும் பெரிய பேனலைத் தேடிப் போகிறார்கள். பெரும்பாலும் கோளாறு பேனலில் இருப்பதில்லை.

செலவுக் கணக்கு

அந்த ஆற்றுச் சென்சார் ஒருமுறை விழித்து, அளந்து, அனுப்பி, மறுபடி உறங்கப் போவதற்கு எவ்வளவு செலவாகும்? தொலைவை அளக்கும் சிறிய அல்ட்ராசோனிக் சென்சார் 3 மில்லியாம்பியரில் அரை நொடி ஓடினால் 3.3 வோல்ட்டில் 5 மில்லிஜூல். ஒலியின் வேகம் காற்றின் வெப்பத்தோடு மாறும். ஒரு டிகிரிக்கு நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர். அந்தப் பிழையைத் திருத்த டிஎஸ்18பி20 வெப்ப சென்சார் வேண்டும். அது 12 பிட் துல்லியத்தில் 750 மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது, 2.5 மில்லிஜூல். அடுத்தது ரேடியோ. எஸ்எக்ஸ்1276 சிப்பை வைத்து, குறைந்த மின்சாரத்தில் நெடுந்தொலைவு எட்டும் லோரா ரேடியோ முறையில் 10 பைட் தரவை லோராவான் நெட்வொர்க்குக்கு வேண்டிய தலைப்புகளோடு 23 பைட்டாக அனுப்பினால், பரவல் காரணி (அது கூடக்கூட எட்டும் தொலைவும் கூடும், எடுக்கும் நேரமும் கூடும்) 10-இல் 371 மில்லிநொடி காற்றில் இருக்கும். 40 மில்லியாம்பியர் என்று வைத்தால் 49 மில்லிஜூல். அனுப்பிய பிறகு பதிலுக்காகக் காது கொடுப்பதும் ப்ராசஸர் விழித்திருப்பதும் சேர்ந்து 10. ஆக ஒரு முறைக்கு 66 அல்லது 67 மில்லிஜூல்; ஒரு நாளைக்கு 96 முறை; 6.4 ஜூல். உறக்கத்தில் 3 மைக்ரோஆம்பியர் என்றால் அதற்கு 0.86 ஜூல். மொத்தம் நாளைக்கு ஏழேகால் ஜூலுக்குள் அடங்கிவிடும். சராசரியாகச் சொன்னால் 84 மைக்ரோவாட்.

இந்தப் பட்டியலில் சென்சார் அல்ல, ரேடியோதான் பெருந்தீனிக்காரன் என்பதைக் கவனியுங்கள். அதே 23 பைட் பரவல் காரணி 7-இல் 62 மில்லிநொடியில் போய்விடும். 12-இல் 1,483 மில்லிநொடி ஆகும். 24 மடங்கு. செய்தியை வாங்கும் கேட்வே தொலைவில் இருந்தாலோ ஆன்டெனாவை இலைகளுக்குள் தாழ்வாக வைத்தாலோ நெட்வொர்க் தானாகவே 12-க்குத் தள்ளிவிடும். ஒரு நாள் செலவு மும்மடங்காகும். ஆன்டெனாவை இரண்டு மீட்டர் உயர்த்துவது பேனலை இரட்டிப்பாக்குவதைவிட மலிவான வைத்தியம்.

இப்போது அந்த மௌனத்துக்கு வருவோம். ஆயிரம் மில்லியாம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் 800 பயன்படும் என்று வையுங்கள். சுமார் 10,600 ஜூல். நாளைக்கு ஏழேகால் ஜூல் செலவழித்தால் பேட்டரியின் சுயக்கசிவை விட்டுவிட்டுப் பார்க்கும்போது வெயிலே இல்லாமல் நான்கு ஆண்டு ஓடவேண்டும். ஐந்தாம் நாளே நின்றது ஏன்?

பெட்டியைத் திறந்தால் விடை கிடைக்கும். உள்ளே இருப்பது சோதனை மேசைக்காக வடிவமைத்த டெவலப்மென்ட் போர்டு. அதில் வோல்டேஜைச் சீராக வைக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர். எந்த வேலையும் செய்யாமலே 5 மில்லியாம்பியர் தின்னும். பக்கத்தில் யாரும் பார்க்காத பெட்டிக்குள் இரவு பகலாக எரியும் சிவப்பு எல்இடி, அதற்கு 2. ஏழு மில்லியாம்பியரில் 800 மில்லியாம்பியர்-மணி 114 மணி நேரம் தாங்கும். ஐந்தாம் நாள் மதியம் அல்லது மாலை. கொலையாளி மழையல்ல, ரெகுலேட்டர்.

ரெகுலேட்டரை எடுத்துவிட்டு 1.6 மைக்ரோஆம்பியரில் அடங்கும் எம்சிபி1700 போன்ற ஒன்றைப் போடுங்கள்; எல்இடியைப் பிடுங்குங்கள். அதோடு முடியாது. பேட்டரி வோல்டேஜை அளக்க இரண்டு 100 கிலோஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போடுவது எல்லாரும் செய்யும் பிழை. 4.2 வோல்ட்டில் அது நிரந்தரமாக 21 மைக்ரோஆம்பியர் கசியவிடும். உறங்கும் சென்சார் மொத்தமும் தின்பதைப்போல ஏழு மடங்கு. அளக்கும் நொடியில் மட்டும் மாஸ்ஃபெட் என்ற மின்னணு ஸ்விட்ச் ஒன்றால் இணைக்கலாம்; அல்லது 10 மெகாஓம் ரெசிஸ்டர்களோடு 100 நானோஃபேரட் கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்க்கலாம். மழைமானியில் இன்னொரு கசிவு. ஊஞ்சல்போல் சாயும் வாளி, காந்தத்தால் மூடும் ரீட் ஸ்விட்ச். ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு துடிப்பு. செலவே இல்லாத சென்சார் என்று எல்லாரும் நம்புவது. வாளி நடுவில் மாட்டிக்கொண்டு ஸ்விட்ச் மூடியபடியே நின்றால், ஸ்விட்சை மின்சாரத்தோடு இணைக்கும் 10 கிலோஓம் புல்-அப் ரெசிஸ்டர் வழியாக 330 மைக்ரோஆம்பியர் ஒழுகும். ஒரு மெகாஓம் போட்டால் 3.3-இல் நிற்கும்.

இவற்றைக் கண்டுபிடிக்கச் சாதாரண மல்டிமீட்டர் ஏமாற்றும். மைக்ரோஆம்பியர் அளவில் வைத்தால் ரேடியோ அனுப்பும் கணத்தில் மீட்டரின் உள் ரெசிஸ்டன்ஸிலேயே வோல்டேஜ் விழுந்து போர்டு ரீசெட் ஆகிவிடும். மின்னோட்டத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை பதியும் கருவி இருந்தால் நல்லது. இல்லையென்றால் 1,000 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டரை 3.3 வோல்ட்டுக்கு ஏற்றி, உறங்கும் போர்டை அதிலிருந்து மட்டும் ஓடவிட்டு, 0.1 வோல்ட் இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். 3 மைக்ரோஆம்பியர் என்றால் 33 நொடி. கெப்பாசிட்டரே கொஞ்சம் கசியும். போர்டு இல்லாமல் ஒருமுறை அளந்து அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

அறுவடை எப்போது தேவை

84 மைக்ரோவாட் என்ற எண் ஓர் அசௌகரியமான கேள்வியை எழுப்புகிறது. மறுபடி ஏற்ற முடியாத லித்தியம் தயோனில் குளோரைடு பேட்டரி, பென்சில் அளவில், 3.6 வோல்ட்டில் 2.4 ஆம்பியர்-மணி தரும், 31,000 ஜூல். காகிதத்தில் பதினோரு ஆண்டுக்கு மேல். சுயக்கசிவையும் துடிப்பு இழப்பையும் தாராளமாகக் கழித்தாலும் ஏழெட்டு ஆண்டு எதிர்பார்க்கலாம். பேனல் இல்லை, சார்ஜர் இல்லை, பறவை எச்சமும் இல்லை. நீண்ட நாள் சும்மா இருந்தால் உள்ளே ஒரு படலம் படிந்து, முதல் பெரிய துடிப்பில் வோல்டேஜ் சரியும் என்ற குணம் மட்டும் உண்டு. பக்கத்தில் ஒரு கெப்பாசிட்டர் வைத்தால் தீரும். சராசரி 100 மைக்ரோவாட்டுக்குள் நிற்கிற சென்சாருக்கு அறுவடை வேண்டும் என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேட்பது நியாயம்.

அறுவடை தன் இடத்தைச் சம்பாதிப்பது பசி பெரிதான இடங்களில். நுண்துகளை அளக்கும் எஸ்டிஎஸ்011 விசிறியும் லேசரும் கொண்டது. 5 வோல்ட்டில் 70 மில்லியாம்பியர். காற்று நிலைப்பட 30 நொடி ஓடவேண்டும். ஓர் அளவுக்கு 10.5 ஜூல். ஈரப்பதம் அளக்கும் எஸ்ஹெச்டி40 தன் வேலையை 14 மைக்ரோஜூலில் முடித்துவிடும். இரண்டுக்கும் ஏழரை லட்சம் மடங்கு வித்தியாசம். மணிக்கு ஒருமுறை துகள் அளந்தால் நாளைக்கு 252 ஜூல். 5 வோல்ட்டுக்கு ஏற்றும் மாற்றியின் இழப்பையும் சேர்த்தால் 300. அந்தப் பென்சில் பேட்டரி மூன்றரை மாதத்தில் காலி. இங்கே பேனல் இல்லாமல் ஆகாது. சூடேற்றும் கம்பியோடு வரும் எம்க்யூ வகை வாயு சென்சார்களை அறுவடைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். முக்கால் வாட் அளவில் எந்நேரமும் சூடாக இருக்க வேண்டியவை அவை. விட்டுவிட்டு ஓட்டினால் அளவீடு நம்பத்தக்கதாக இராது.

வெளிச்சம், பிறகு மற்றவை

முழு வெயிலில் சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லிவாட் விழுகிறது. அறைக்குள் நல்ல விளக்கொளியில் ஒரு செல் திருப்பித் தருவது பத்து மைக்ரோவாட் அளவே. அடர்ந்த காட்டின் தரை இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ கிடக்கிறது. மேலே விழும் ஒளியில் சில விழுக்காடே கீழே வந்துசேரும். ஒரு வாட் பேனல் கடும் மேகமூட்ட நாளில் அரை மணி முழு வெயிலுக்குச் சமமாக வாங்கினால் 1,800 ஜூல். இழப்புகளுக்குப் பாதி போக 900. துகள் சென்சாருக்கு அதுவே மூன்று நாள் சாப்பாடு. அந்தப் பேனலையே அடர்ந்த மரநிழலில் வைத்தால் நல்ல வெயில் நாளிலும் நூறு ஜூல் தேறுவது கஷ்டம்.

6 வோல்ட் பேனல் என்பது அரை வோல்ட் செல்கள் பன்னிரண்டைத் தொடராகக் கோத்தது. ஒரே ஒரு செல்லின் மேல் இலை ஒட்டிக்கொண்டால் சங்கிலி முழுவதும் அந்தச் செல் விடும் அளவுக்கே மின்னோட்டம் தரும். மரத்தடியில் இது அன்றாடக் கதை. செல் எண்ணிக்கை குறைந்த பேனலை, வோல்டேஜை உயர்த்தும் பூஸ்ட் மாற்றியோடு இணைப்பதும், இரண்டு சிறு பேனல்களை வேறு வேறு திசை பார்த்து இணையாகப் போடுவதும் பலன் தரும். பேனலைச் செங்குத்தாக நிமிர்த்தி வைத்தால் கோடை விளைச்சல் குறையும். ஆனால் தாழ்ந்த குளிர்காலச் சூரியனை வாங்கும், மழை கழுவிவிடும், எச்சமும் தூசியும் தங்காது. மோசமான வாரத்துக்காகத்தானே கணக்கு. கோடை உபரியை இழப்பதில் நட்டம் இல்லை. எபாக்ஸி பூசிய மலிவுப் பேனல்கள் புற ஊதாவில் மஞ்சளித்துப் போகும். வெளியில் பல ஆண்டு நிற்கவேண்டியதற்குக் கண்ணாடி அல்லது இடிஎஃப்இ பிளாஸ்டிக் மேற்பரப்பு.

வெப்ப வேறுபாட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் பிஸ்மத் டெல்லுரைடு தட்டுகள் ஆசை காட்டுபவை. மண்ணுக்கும் காற்றுக்கும் இடையே இரவும் பகலும் சில டிகிரி வித்தியாசம் இருந்துகொண்டே இருக்கிறதே! நான்கு சென்டிமீட்டர் சதுரத் தட்டு ஒன்று டிகிரிக்கு ஏறக்குறைய 50 மில்லிவோல்ட் தரும். ஆனால் மண்ணிலும் காற்றிலும் வெப்பம் நகர்வதற்கே பெரும் தடை உண்டு. இரண்டு டிகிரியில் தட்டுக்குக் குறுக்கே விழுவது பத்தில் ஒரு பங்கு என்றால் கையில் வருவது 10 மில்லிவோல்ட். 20 மில்லிவோல்ட்டில் எழும் எல்டிசி3108 மாற்றிச் சிப் கூட எழாது. பெரிய வெப்பச் சிதறி வைத்து அதைத் தாண்டினாலும் பகலில் ஒரு துருவம், இரவில் எதிர்த் துருவம். இருபுறமும் வாங்கும் எல்டிசி3109 தேவைப்படும். சுடுநீர்க் குழாய், எரிமலை வாய்ப்புறம் போன்ற இடங்களில் கதையே வேறு.

அதிர்வு அறுவடை, ஒரே அதிர்வெண்ணில் ஓடும் மோட்டாரின் மேல் நன்றாக வேலை செய்யும். காற்றில் அசையும் கிளைக்குப் பொருந்தாது. காற்றிலிருந்து ரேடியோ அலையைப் பிடித்து ஓட்டுவது, அருகிலேயே அதற்கென்று ஒரு டிரான்ஸ்மிட்டர் வைத்தால் ஒழிய, சூழல் கண்காணிப்புக்குப் பேச்சளவில்தான். சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் விடும் எலக்ட்ரான்களிலிருந்து மின்சாரம் எடுப்பது மட்டும் ஒரு விதிவிலக்கு. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தார் பொடோமாக் ஆற்றில் ஒரு வானிலை மிதவையை இப்படி ஓட்டி, 2008-இல் விவரம் வெளியிட்டார்கள். முதல் வடிவம் 230 கிலோ எடை, 24 மில்லிவாட். இரண்டாவது 16 கிலோவில் 36 மில்லிவாட். சூரியன் எட்டாத நீரடியில் இதற்கு மாற்று அதிகமில்லை.

சேமிப்பு

சாதாரண லித்தியம் அயான் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே உலோக லித்தியம் படிந்து கெடும். 45 டிகிரிக்கு மேலும் சார்ஜ் செய்யக்கூடாது. வெயிலில் நிற்கும் கறுப்புப் பெட்டி 60-ஐத் தொடும். அதனால் வெள்ளைப் பெட்டி, பேனலின் நிழலில். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லுக்கு ஆயுள் அதிகம், 3.2 வோல்ட் என்பதால் 3.5-இல் சார்ஜை நிறுத்திக்கொண்டால் ரெகுலேட்டரே இல்லாமல் சிப்போடு நேராக இணைக்கலாம். ஒரு சிக்கல்: அதன் வோல்டேஜ் கோடு ஏறக்குறைய படுக்கை. 3.25 வோல்ட் என்று காட்டும்போது எண்பது விழுக்காடு இருக்கிறதா முப்பதா என்று சொல்ல முடியாது. வோல்டேஜைப் பார்த்து வேகத்தைக் குறைக்கும் நிரல் கடைசி நிமிடம்வரை எல்லாம் சுகம் என்றே நினைத்துக்கொண்டிருக்கும்.

சூப்பர் கெப்பாசிட்டர் அந்த விஷயத்தில் நேர்மையானது. வோல்டேஜின் வர்க்கம்தான் இருப்பு. 10 ஃபேரட், 2.7 வோல்ட்டிலிருந்து 1.8-க்கு இறங்கினால் 20 ஜூல். சார்ஜ் சுழற்சிக்குத் தேய்வதில்லை. கசிவுதான் குறை: 10 மைக்ரோஆம்பியர் கசிந்தாலே நாளைக்கு இரண்டு ஜூலுக்கு மேல் போய்விடும். 2005-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உருவான ப்ரொமிதியஸ் என்ற வடிவமைப்பு இரண்டையும் சேர்த்தது. அன்றாட ஏற்ற இறக்கத்தைச் சூப்பர் கெப்பாசிட்டர் ஏற்கும். அது வற்றும்போது மட்டும் லித்தியம் பேட்டரி கைகொடுக்கும். பேட்டரி சுழற்சிகள் மிச்சமாகும். இன்றைக்கும் நல்ல யோசனை.

விடியற்காலைப் பொறி

காலியாவதைவிட மோசமானது காலியானபின் எழ முடியாமல் போவது. விடியலில் பேனல் லேசாகச் சுரக்கும். சேமிப்பு மெல்ல ஏறி 2 வோல்ட்டைத் தொட்டதும் ப்ராசஸர் விழிக்கும். நெட்வொர்க்கில் மறுபடி சேரவேண்டும் என்று கோரிக்கை அனுப்பும். அதுவும் 23 பைட், அதே 371 மில்லிநொடி. பிறகு ஐந்து நொடி காத்துப் பதில் கேட்கும். அதற்குள் வோல்டேஜ் சரிந்து அணையும். இரண்டு நிமிடத்தில் மறுபடி ஏறும், மறுபடி விழிக்கும், மறுபடி கோரும். உச்சி வெயில்வரை இதே கூத்து. மேகமான நாளில் மாலைவரை நீளும். இரவுக்குச் சேமிப்பு ஒன்றும் மிஞ்சாது.

அணையும் வோல்டேஜும் எழும் வோல்டேஜும் வேறு வேறாக இருக்கவேண்டும். 2.8-இல் அணைந்தால் 3.3 வரும்வரை ப்ராசஸருக்கு மின்சாரமே போகக்கூடாது. நடுவிலுள்ள இடைவெளியில் ஒரு முழுச் சேர்க்கையும் ஒரு முழு அனுப்புதலும் அடங்கவேண்டும். அதிலிருந்து கெப்பாசிட்டர் அளவு தானாகவே வந்துவிடும். பிக்யூ25570 போன்ற அறுவடைச் சிப்களில் இந்த எல்லைகளை ரெசிஸ்டர்களால் குறிக்கலாம். அந்த ரெசிஸ்டர்களின் கூட்டு 13 மெகாஓம் அளவு. சால்டர் செய்த ஃப்ளக்ஸ் பிசின் கொஞ்சம் மிஞ்சி, அதில் ஈரம் ஏறினால் சில பத்து மெகாஓம் கசிவுப்பாதை உருவாகும்; எல்லைகள் நகர்ந்துவிடும். மேசையில் சரியாக இருந்த போர்டு களத்தில் மூன்றாவது மழையில் பைத்தியமாவதற்கு இது அடிக்கடி காரணம். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி, உலர்த்தி, பிறகே பாதுகாப்புப் பூச்சு. கழுவாமல் பூசினால் அழுக்கை உள்ளே வைத்துப் பூட்டியதாகும்.

அதே சிப் சேமிப்பு 1.8 வோல்ட்டுக்குக் கீழே இருக்கும்போது திறன் மிகக் குறைந்த தொடக்க நிலையில் ஓடும். பேனல் பக்கம் சுமார் 600 மில்லிவோல்ட் வந்தால்தான் அதுவும் நடக்கும். ஆகவே சேமிப்பு அந்த ஆழத்துக்கு இறங்கவிடாமல் முன்னதாகவே எல்லாவற்றையும் நிறுத்துவது புத்தி.

ரீசெட் ஆனாலும் மறுபடி சேரவேண்டியதில்லை. நெட்வொர்க் சாவிகளையும் செய்தி எண்ணையும் அழியா நினைவகத்தில் வைத்தால் போதும். எண் பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் சர்வர் பழைய செய்தி என்று எண்ணி எல்லாவற்றையும் தள்ளிவிடும். சென்சார் அனுப்பிக்கொண்டே இருக்கும், திரையில் ஒன்றும் வராது. ஒவ்வொரு முறையும் ஃப்ளாஷ் நினைவகத்தில் எழுதுவதும் ஆகாது. கால் மணிக்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு 35,040 எழுத்து. பல ஃப்ளாஷ்களுக்கு வாக்களித்த ஆயுள் 10,000. பத்துச் செய்திக்கு ஒருமுறை எழுதி, எழும்போது பத்தைக் கூட்டிக்கொண்டு தொடங்கலாம். எழுதி எழுதித் தேயாத எஃப்ராம் நினைவகம் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

கடைசி இருபது ஜூல்

பேட்டரியே வேண்டாம் என்று 10 ஃபேரட் சூப்பர் கெப்பாசிட்டரோடு நிற்கும் ஆற்றுச் சென்சாருக்கு வானம் மூடியது. மாற்றியின் இழப்பை விட்டுவிடுவோம். கால் மணிக்கு ஒருமுறை அனுப்பினால் கசிவோடு சேர்த்து நாளைக்கு ஒன்பதரை ஜூல். இரண்டு நாளில் தீரும். மணிக்கு ஒருமுறை என்று மாறினால் நான்கு நாளுக்கு மேல். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் ஐந்தரை நாள். அதற்குமேல் குறைத்துப் பெரிய பயனில்லை, கசிவே மீதியைத் தின்னும். ஆனால் மூன்று மணி நேரத்தில் ஆறு கரையை உடைத்துவிடும். அதனால் அபாய மட்டத்தில் ஒரு மிதவை, அதில் ஒரு ரீட் ஸ்விட்ச். கீழே தொங்கும்வரை திறந்தே இருக்கும், செலவு இல்லை. நீர் அதைத் தூக்கினால் ப்ராசஸர் எழுந்து, மிச்சம் எவ்வளவு இருந்தாலும் கால் மணிக் கணக்குக்குத் திரும்பும். ஒவ்வொரு செய்தியிலும் நீர்மட்டத்தோடு சேமிப்பு வோல்டேஜும் எத்தனையாவது ரீசெட் என்பதும் இரண்டு பைட்டில் போகட்டும். அப்போது மௌனமானாலும், ஏன் மௌனமானது என்பதைக் கடைசியாக வந்த செய்தியிலேயே படித்துக்கொள்ளலாம்.